வேலாயுதத்திடம் டிக்கெட் கேட்டவர்

நாகையாவை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில், கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் ரயிலில். அவர் என்னிடம் டிக்கெட் கேட்டார். அதுவும் இரண்டாவது தடவையாக.

அப்போது நான் மலாய் நாட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. முசிறிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். ஊரில் பி.ஏ. தேறிய முதல் ஆள் நான். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பா, எனக்கு ஏதாவது தபால் வந்தால் தபால்காரரை நிறுத்திவைத்து, பெயருக்குப் பின்னால் இருக்கும் அந்த இரண்டு எழுத்தை மட்டும் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்பார். அப்படி வளர்ந்தவன், கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பிக்க வந்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை பிடித்துக்கொண்டு, தினமும் ரயிலில் மூன்றாம் வகுப்பில் போய் வந்துகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமைதான் 'சிலாங்கூர் சந்திரிகை' வாரப் பத்திரிகை வெளிவரும். கிள்ளானில் மளிகைக் கடையில் வேலை செய்யும் பக்கிரிசாமி ஸ்டேஷன் வாசலில் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு ஏறுவார். நல்ல கனத்த குரல். வண்டி கிளம்பியதும், "வாயை மூடுங்கப்பா, வேலாயுதம் வந்துட்டார்!" என்பார். பெட்டி முழுக்க அடங்கிவிடும். பிறகு உரக்கப் படிப்பார். படிக்கத் தெரிந்தவர்களும் தங்கள் பிரதியை மடித்து வைத்துவிட்டு அவர் வாயைத்தான் பார்ப்பார்கள்.

துப்பறியும் வேலாயுதம் எங்கள் வட்டாரத்துத் துப்பறிவாளர். கதையில் அவர் பிரிக்பீல்ட்ஸ்வாசி. வெள்ளை அல்பாக்கா கோட்டு, வெள்ளிப்பூண் கட்டிய கைத்தடி, எங்கே போனாலும் முதல் வகுப்பு. துரைமார்களுக்கு நடுவே கால்மேல் கால் போட்டு உட்கார்வார். அந்த வாரம் கிராணி என்கிற தோட்டத்துக் குமாஸ்தா ஒருவர் வீட்டில் காணாமல் போன பவளமாலையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சமையக்காரன்தான்யா எடுத்திருப்பான். அரிசி மூட்டையில வச்சிருப்பான் பாரு."

"சமையக்காரன் போன கதையிலயே எடுத்துட்டான். மறுபடியும் அவனே எடுப்பானா? கிராணியோட மச்சான்தான்."

"மச்சான்னா நமக்கே தெரியுதே! அதுக்கு எதுக்கு லா வேலாயுதம்?"

எனக்குப் பொறுக்கவில்லை. கல்லூரியில் ஆங்கிலத் துப்பறியும் கதைகளை அலமாரி அலமாரியாகப் படித்தவன் நான். "இங்கிலீஷ்ல எழுதினதைப் படிச்சா இதைக் கையால தொட மாட்டீங்க. உங்க வேலாயுதம் இத்தனை நாளா பர்ஸ்ட் கிளாஸ்ல போறார், வரார். ஒரு தடவையாவது டிக்கெட் வாங்கினதா எழுதியிருக்கா?" என்றேன்.

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. பிறகு பக்கிரிசாமி சொன்னார்: "அவர்கிட்ட டிக்கெட் கேக்க யாருக்கு சார் தைரியம் இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் என் தோளருகே ஒரு குரல். "உங்க டிக்கெட்டைக் காட்டுங்க சார்."

டிக்கெட் பரிசோதகர். ஒல்லியான ஆள், நாற்பது வயதிருக்கும். பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் டிக்கெட்டில் துளையிடும் இடுக்கி. பெட்டாலிங் ஸ்டேஷன் தாண்டும்போதே என் சீசன் டிக்கெட்டைப் பார்த்தவர்தான். மறுபடியும் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எங்கேயாவது ஒரு தப்பு கிடைக்காதா என்று தேடுகிறவரைப் போல.

கிள்ளானில் இறங்கி நடந்தபோது பின்னாலேயே வந்தார்.

"சார், அந்தக் கதையில வேற என்ன தப்பு?"

"ஏன் கேக்கறீங்க?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அதை எழுதறது நான்தான்," என்றார்.

நம்ப முடியவில்லை. நம்பியதும் பொறாமையாக இருந்தது. நான் ஒரு துப்பறியும் கதை எழுதி சென்னைக்கு அனுப்பியிருந்தேன். போன கப்பலிலேயே திரும்பி வந்தது. அதையே சந்திரிகை முதலாளி சபாபதியிடம் கொடுத்துப் பார்த்தேன். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா திருடன் உள்ள வரும்போதே 'நான்தான் திருடன்'னு சொல்லிக்கிட்டு வரான்," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இங்கே ஒரு டிக்கெட் பரிசோதகர் எழுதியதை ஒரு ரயிலே வாய்பிளந்து கேட்கிறது.

நாகையா பிறந்தது பிரிக்பீல்ட்ஸில். அவர் தகப்பனார் தண்டவாளம் போட வந்தவர். நாகையா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்து, ரயில்வேயில் போர்ட்டராகச் சேர்ந்து, படிப்படியாகப் பரிசோதகரானார். மெதுவான பேச்சு. முதல் வகுப்புப் பெட்டிக்குள் நுழைவதற்கு முன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். துரைமார் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கும்வரை வாசலிலேயே நிற்பார். சில துரைகள் பத்து தீகா ஸ்டேஷன் வரை தூக்கவே மாட்டார்கள்.

அவர் கதை கட்டும் விதம் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. திருடன் யார் என்று அவர் முன்கூட்டி முடிவு செய்வதே கிடையாது. வெள்ளிக்கிழமை வண்டியில் டிக்கெட் பார்த்துக்கொண்டே ஜனங்கள் யார் யாரைச் சந்தேகப்படுகிறார்கள் என்று கேட்டுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, யாரும் சொல்லாத ஆளாகப் பார்த்துத் திருடனாக்கிவிடுவார்.

"பவளமாலையை யார் எடுத்தது?" என்று கேட்டேன்.

"சமையக்காரனைச் சொல்லிட்டாங்க. மச்சானையும் சொல்லிட்டாங்க. கிராணியோட மாமியாரை யாரும் சொல்லல," என்றார்.

மாமியார்தான் எடுத்திருந்தாள். அடுத்த வாரம் ரயில் பெட்டி அதிர்ந்தது. "வேலாயுதத்தை யாராலயும் ஏமாத்த முடியாதுப்பா!" என்றார் பக்கிரிசாமி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் பொறாமைப்பட்டது இயல்பு. நாகையாவும் ஓர் ஆளைப் பார்த்துப் பொறாமையில் வெந்துகொண்டிருந்தார் என்பது அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ரயில்வே குவாட்டர்ஸில் கடைசி வரிசையில் அவர் வீடு. மனைவி பவுனம்மாள் கெட்டிக்காரி. வாய் ஓயாது, கையும் ஓயாது. நான் போன அன்று எங்களுக்குச் சுக்குக் காப்பி கொடுத்தாள். நாகையா முகத்தைச் சுளித்தார்.

"எனக்குத்தான் இது பிடிக்காதுன்னு தெரியுமில்ல?"

"வேலாயுதம் இதைத்தானே குடிக்கிறார்? மூளைக்கு நல்லதுன்னு போன மாசம் அவரே சொன்னாரே."

"அதை எழுதினது நான்!"

"எழுதறது நீங்க. கண்டுபிடிக்கிறது அவர்தானே?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க தம்பி. இவர் மூக்குக் கண்ணாடியைத் தலையில வச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடறவர். இவரா மாமியாரைக் கண்டுபிடிச்சிருப்பார்?"

அவள் கேலிக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். வேலாயுதம் என்று ஒருவர் எங்கேயோ இருக்கிறார்; வேலையெல்லாம் அவர் செய்கிறார்; தன் புருஷன் கேட்டு எழுதுகிறார். பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் அதுதான் நினைப்பு. சந்திரிகையிலும் 'துப்பறியும் வேலாயுதம் அவர்களின் அனுபவங்கள்' என்றுதான் தலைப்புப் போட்டிருக்கும். எழுதியவர் பெயர் இருக்காது.

வெளியே வந்ததும் நாகையா சொன்னார்: "ஒரு தடவை என் பேர் அதுல வரணும் சார். காசுக்காகக் கேக்கல. இவ கண்ணால பார்க்கணும். அந்தாளை விட நான் பெரியவன்னு இவளுக்குத் தெரியணும்."

அந்தாள் என்று அவர் சொன்னது வேலாயுதத்தை.

நாங்கள் இருவரும் சபாபதியிடம் போனோம். மஸ்ஜித் இந்தியா பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் அச்சகம். சபாபதி பருத்த மனிதர், பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"உன் பேரைப் போட்டா என்ன ஆகும் தெரியுமா நாகையா? 'அட, நம்ம டிக்கெட் செக்கர் விட்ட கதையா'ம்பாங்க. அதோட போச்சு. வேலாயுதமே சொல்றார்னு நினைக்கிறதாலதானே வாங்கறாங்க?"

"ஆனா முதலாளி, படைச்சவன் பேர்..."

"யாராவது கேட்டாங்களா? இத்தனை வருஷத்துல ஓர் ஆள் வந்து இதை எழுதறது யாருன்னு கேட்டதுண்டா? கேக்கட்டும், அடுத்த வாரமே போடறேன். என் வாக்கு."

அந்த வாக்கை நான் பிடித்துக்கொண்டேன். பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையில் ஞாயிறு மாலைகளில் சொற்பொழிவு நடக்கும். 'துப்பறிவோரும் அவர்களைப் படைத்தோரும்' என்று தலைப்புக் கொடுத்தேன். கடைசியில் சபையோர் வேலாயுதத்தைப் படைத்தவர் யாரென்று கேட்காமல் எப்படிப் போவார்கள்?

கூட்டம் வாசல்வரை நின்றது. நான் நன்றாகப் பேசினேன் என்றே இன்றும் சொல்வேன். முதலில் பாசில் ஹார்ன்கேட் என்ற ஆங்கிலத் துப்பறிவாளரை எடுத்துக்கொண்டேன். அவர் தூங்கவே மாட்டார். மழையில் கூரைமேல் படுத்து வேவு பார்ப்பார். அவரைப் படைத்த வில்பிரட் டோவியோ கிராமத்துச் சர்ச்சில் வாத்தியம் வாசிப்பவர், சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் தூங்கிவிடுவார், தூறல் விழுந்தால் வீட்டைவிட்டு இறங்க மாட்டார். அடுத்து நம் தமிழ்நாட்டுப் பக்கத்துத் துப்பறிவாளர் அனந்தகோபால நாயுடு. ஓடுகிற ரயிலிலிருந்து குதிப்பார். ஜமீன்தாரைப் பார்த்து, 'உட்காரும்!' என்று அதட்டுவார். அவரை எழுதிய கொத்தங்குடி வைத்தியநாதய்யர் தாலுகாக் கச்சேரியில் குமாஸ்தா. தாசில்தார் இருமினால்கூட எழுந்து நிற்பவர்.

"டோவியின் கதையில் துப்பு அழகாக விழும், ஆனால் மனிதர்கள் மரப்பாச்சிகள். ஐயரின் மனிதர்கள் உயிரோடு இருப்பார்கள், துப்புதான் ஓட்டை. ஆனால் இருவரும் ஒரு காரியத்தில் ஒன்று. தன்னிடம் எது இல்லையோ அதையெல்லாம் கொடுத்துத்தான் ஓர் எழுத்தாளன் துப்பறிவாளனைப் படைக்கிறான். பிறகு ஊர் அந்தத் துப்பறிவாளனையே கொண்டாடுகிறது. கொடுத்தவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஆகவே சபையோரே, நம்முடைய வேலாயுதத்துக்கு இத்தனையும் கொடுத்தவர் யார் என்று நாம் கேட்க வேண்டாமா?"

கைதட்டல் எழுந்தது. கடைசி வரிசையில் நாகையா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். முன்வரிசையில் சபாபதி விசிறியை நிறுத்தினார்.

ஒரு பெரியவர் எழுந்தார். "பி.ஏ. சார் ரொம்ப நல்லாப் பேசினீங்க. எனக்கு ஒரே ஒரு கேள்வி."

"கேளுங்க ஐயா."

"வேலாயுதத்துக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

அவருக்கு ஒரு மகள் இருந்தாள். அதற்குப் பிறகு எந்தக் குவாட்டர்ஸில் இருக்கிறார், எந்தக் கோயிலுக்குப் போவார், சொந்த ஊர் எந்தப் பக்கம் என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. பாசில் ஹார்ன்கேட்டைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் பேச்சைப் பற்றியும் கேட்கவில்லை. சபாபதி வெளியே போகும்போது, "பாத்தியா நாகையா," என்று மட்டும் சொன்னார்.

நாகையா என்னோடு நடந்தார். ரயில்வே கேட் அருகே நின்றார்.

"சார், தன்கிட்ட இல்லாததைக் கொடுக்கிறான்னு சொன்னீங்களே. நெசம்தான். நான் பர்ஸ்ட் கிளாஸ் வாசல்ல நிக்கிறேன். அந்தாளு உள்ள உக்காந்திருக்கான். நான் கொடுத்த சீட்டு." தொப்பியைக் கை மாற்றினார். "அன்னிக்கு வண்டியில நீங்க ஒண்ணு கேட்டீங்க இல்ல? ஒரு தடவையாவது டிக்கெட் வாங்கியிருக்கானான்னு?"

"ஆமாம்."

"வாங்கல சார். நான் ஒரு தடவைகூட எழுதல."

அப்போது அவர் முகத்தில் வந்த சிரிப்பு எனக்குப் புரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை புரிந்தது.

பக்கிரிசாமி வழக்கம்போல் ஆரம்பித்தார். ஒரு கள்ளநோட்டுக் கும்பலின் தலைவன் போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் கப்பலேற ஓடுகிறான். அதே ரயிலில், முதல் வகுப்பில், கால்மேல் கால் போட்டபடி வேலாயுதம். இன்னும் கொஞ்ச நேரத்தில் பிடித்துவிடுவார். எல்லோரும் பக்கிரிசாமியை நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"'அப்போது கதவைத் திறந்துகொண்டு ஒரு டிக்கெட் பரிசோதகர் உள்ளே வந்தார். அவர் தொப்பியைக் கழற்றவில்லை. ஐயா, டிக்கெட் என்றார். வேலாயுதம் புன்னகை செய்து, என்னைத் தெரியவில்லையா என்றார். தங்களை நன்றாகத் தெரிகிறது, டிக்கெட்டைத்தான் காணோம் என்றார் பரிசோதகர். வேலாயுதம் கோட்டுப் பையில் கையை விட்டார். மறுபையிலும் விட்டார். நெற்றி வியர்த்தது. பத்து தீகா ஸ்டேஷனில் வேலாயுதம் இறக்கிவிடப்பட்டார். ரயில் அவரை விட்டுவிட்டு, கள்ளநோட்டுக்காரனை ஏற்றிக்கொண்டு போயிற்று. தொடரும்.'"

பக்கிரிசாமி தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் நல்லெண்ணெய் விளம்பரம்தான் இருந்தது.

"என்னய்யா இது?"

"வேலாயுதத்தையா இறக்கிவிட்டான்? பத்து தீகாவுலயா?"

"அங்க நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லையே!"

"வேலாயுதம் டிக்கெட் இல்லாம போற ஆளாய்யா? எவன்டா இதை எழுதினது?"

"அதானே! எழுதினவன் யாரு?"

நாகையா இரண்டு பெஞ்சு தள்ளி நின்று ஒரு கிழவியின் டிக்கெட்டில் துளையிட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. அந்தக் கேள்வி காதில் விழ அவர் எத்தனை வெள்ளிக்கிழமை காத்திருந்தார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் என் மனத்தில் ஓடியது ஒன்றே ஒன்று: அந்த டிக்கெட் நான் சொன்னது. என் வாயிலிருந்து விழுந்ததை எடுத்துக்கொண்டு இந்த ஆள் ஒரு ரயிலையே கொதிக்கவைத்துவிட்டாரே. என் சொற்பொழிவு ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடச் சூடாக்கவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை பக்கிரிசாமி தலைமையில் ஒரு கூட்டம் சபாபதியின் அச்சகத்துக்குப் போனது. நானும் பின்னால் போனேன்.

"முதலாளி, எழுதினவன் பேரைச் சொல்லுங்க. இல்லன்னா இனிமே ஒரு பிரதி வாங்க மாட்டோம்."

சபாபதி விசிறியைக் கீழே போட்டுவிட்டார். "அட இருங்கப்பா, நான் எழுதல! என்னை எதுக்குப் பிடிக்கிறீங்க? அடுத்த வாரம் பேரைப் போட்டுடறேன். கேக்கறதா இருந்தா அந்தாளையே கேட்டுக்குங்க."

அடுத்த இதழில், வேலாயுதத்தின் பெயருக்குக் கீழே, 'எழுதுபவர்: பிரிக்பீல்ட்ஸ் நாகையா' என்று இருந்தது. சின்ன எழுத்துதான். பக்கிரிசாமி அதைப் படித்துவிட்டுத் தலையைத் தூக்கினார். எதிரே இடுக்கியோடு நாகையா.

"அண்ணே, நீங்களா?"

"நான்தான்."

"இத்தனை வருஷமா எங்க முன்னாடியே நின்னுக்கிட்டு, நாங்க பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டு..." பக்கிரிசாமி பத்திரிகையை மடித்தார். பிறகு சட்டென்று தன் டிக்கெட்டை எடுத்து நீட்டினார். "முதல்ல இதைப் பாருங்க அண்ணே. அப்புறம் என்னையும் பத்து தீகாவுல இறக்கிவிட்டுடப் போறீங்க!"

பெட்டி வெடித்துச் சிரித்தது. எல்லோரும் டிக்கெட்டை நீட்டினார்கள். நாகையா ஒவ்வொன்றாக வாங்கித் துளையிட்டார். அதற்குப் பிறகு முதல் வகுப்புப் பக்கம் போனார். நான் எட்டிப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றித்தான் நின்றார்.

வீட்டில் நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். பவுனம்மாள் அவர் பெயரைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். சாப்பாடு போட்டாள், பேசவில்லை. பாத்திரம் கழுவி முடித்த பிறகு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்த டிக்கெட் செக்கர் யாரு?"

"நான்தான்."

"உங்களுக்கு அவ்வளவு தைரியம் ஏது?"

"எழுதறப்ப இருந்துச்சு."

அவள் பத்திரிகையை மடித்து வைத்தாளாம். "அவர் பாவம், வெயில்ல நிக்கிறார். அடுத்த வாரம் என்ன பண்ணப் போறார்?"

இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. பத்திரிகை வரட்டும் என்றுதான் இருப்பாள்.

"தெரியல. இன்னும் யோசிக்கல," என்றார் நாகையா.

"அப்ப யோசிங்க," என்று எழுந்து போய், சுக்குப் போடாத காப்பி கலந்து கொண்டுவந்து வைத்தாளாம். இதைச் சொல்லும்போது நாகையாவின் முகம் இருந்த இருப்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. என் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து இருக்கிறது. அவர் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் சொல்லப்போவதற்காக ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள்.

இது நடந்து நான்கு வருஷம் ஆகிறது. நாகையா இப்போதும் கிள்ளான் வண்டியில் டிக்கெட் பார்க்கிறார். தெருவில் அவரை 'வேலாயுதத்தை இறக்கிவிட்டவர்' என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். பவுனம்மாள் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எதிரில் உட்கார்ந்து யார் திருடன் என்று முதலில் தெரிந்துகொள்கிறாள். நான் அதே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். வேலாயுதம் மூன்றாம் வகுப்பில், டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்.